வாசிப்புக்குப் பத்துப் பேர்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வாரமெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் அன்றிரவுதான் கையில் காசோடு கடைவீதிக்கு வருவார்கள். ஞாயிறு ஒரு நாள் ஊர் மூச்சு விடும். ஆகவே எங்கள் வாசகர் வட்டம் தொடக்கத்திலிருந்தே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலையில் கூடிவந்தது. அவினாசி சாலையை ஒட்டிய கடையொன்றின் மாடி அறை, ஒரு பாய், இரண்டு முக்காலிகள், கீழிருந்து வரும் தேநீர். மொத்தம் பதினான்கு பேர். கட்டிங் மாஸ்டர் ஒருவர், ஓவர்லாக் டெய்லர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர், ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அக்கா ஒருவர், மற்றும் சிலர். பதினான்கு என்பது ஏட்டுக் கணக்கு. ஷிப்மென்ட் நெருங்கும் மாதங்களில் ஐந்து பேர் வந்தால் அதிகம்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது மாடி அறையைப் பூட்டினோம். கம்பெனிகள் மூடிக் கிடந்தன. வடமாநிலத் தொழிலாளர்கள் மே மாதத்தில் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். தையல் எந்திரங்களின் ஓசையில்லாத திருப்பூரை எங்களில் எவரும் அதற்குமுன் கேட்டதில்லை. ஜூன் மாதம் கைப்பேசி வழியாகக் கூடத் தொடங்கினோம். ஸூமில் காசு கட்டாதவர்களுக்கு நாற்பது நிமிடந்தான். பேச்சு சூடுபிடிக்கும்போது திரை அணைந்துவிடும். முதல் மூன்று கூட்டங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் நான்காகக் குறைந்தார்கள். வட்டம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அதை முடியாமல் காத்தது எங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் இடத்திலிருந்து வந்த பழக்கம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

*

மெர்ச்சண்டைசர் அக்கா அந்நாட்களில் இரவு நெடுநேரம் நியூயார்க்கிலுள்ள பையர் அலுவலகத்தோடு காணொளியில் பேசிக்கொண்டிருப்பார். ரத்தான ஆர்டர்கள், தேங்கிய துணி, வராத பணம் என்பதே பேச்சு. அங்கிருந்து பேசிய பெண்மணி ஒருநாள், தம் ஜெப ஆலயத்தின் புத்தக வட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று விடைபெற்றிருக்கிறார். எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு, செத்துக்கொண்டிருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த வட்டத்தை நடத்துபவரே அப்பெண்மணிதான் என்பது பிறகு தெரிந்தது.

அவர் மின்னஞ்சல்களில் எழுதியவற்றை அக்கா எங்களுக்குத் தமிழில் சொல்லி வந்தார். யூதர்களின் சபை வாசிப்புக்குக் கறாரான சில கணக்குகள் உண்டு. தோரா எனப்படும் ஐந்து ஆகமங்களை வாரத்துக்கொரு பகுதியாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள். முடித்த அன்றே முதல் அதிகாரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஒருநாள் இடைவெளிகூட விடுவதில்லை. அந்த நாளுக்கு ‘சிம்ஹாத் தோரா’ என்று பெயர். சனிக்கிழமை தவிர, திங்கள், வியாழன் காலைகளிலும் சிறு பகுதி வாசிக்கப்படும். பழங்காலத்தில் அவை சந்தை கூடும் நாட்கள் என்பது மரபு தரும் விளக்கம். சந்தைக்கு வந்தவனைப் பிடித்து வைத்து வாசிக்கச் செய்திருக்கிறார்கள்! சபையில் தோராவை வாசிக்கப் பத்துப் பேர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ‘மின்யான்’ என்று பெயர். ஒன்பது மேதைகள் இருந்தாலும் போதாது. பத்தாமவர் எழுத்தறியாதவராக இருந்தாலும் போதும்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். 1923-இல் மேயர் ஷபீரோ என்ற ரப்பி, உலகிலுள்ள யூதர் அனைவரும் தல்மூதில் நாளொன்றுக்கு ஒரே தாளைப் படிக்கவேண்டும் என்று முன்மொழிந்தார். மொத்தம் 2711 தாள்கள். ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பதினான்காவது சுற்று 2020 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கியது. மூன்றே மாதத்தில் உலகம் மூடிக்கொண்டது. வாசிப்பு நிற்கவில்லை, திரைக்கு மாறியது. திரையில் தெரியும் பத்து முகங்கள் பத்துப் பேராகுமா என்று பெரிய விவாதம் நடந்தது. பழமைப் பிரிவினர் ஆகாது என்றார்கள், சீர்திருத்தப் பிரிவினர் பலர் ஆகும் என்றார்கள். புத்தக வட்டத்துக்குப் பத்துப் பேர் என்ற விதி கிடையாது, ஆனாலும் பழக்கம் விடவில்லை, ஒன்பது பேர் இருக்கும்போது பத்தாமவருக்காகக் காத்திருக்கிறோம் என்று அப்பெண்மணி எழுதியிருந்தார்.

இவற்றைக் கேட்டபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் அதுவரை வட்டத்தை ரசனையின்மேல் கட்டியிருந்தோம். நல்ல புத்தகம், நல்ல பேச்சு, அதனால் ஆட்கள் வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நாடிழந்து சிதறிய மக்கள் தங்கள் வாசிப்பை நாளின்மேலும் எண்ணிக்கையின்மேலும் கட்டியிருந்தார்கள். ரசனை மாறும், சோர்வடையும். நாள் மாறாது. ‘நீ வராவிட்டால் ஒன்பதுதான்’ என்று ஒருவரிடம் சொல்வது ‘புத்தகம் நன்றாக இருக்கிறது, வா’ என்பதைவிட வலியது. நமக்கும் பத்து புதிதல்ல. குறளுக்கு உரை கண்டவர்களைப் பதின்மர் என்றுதானே எண்ணி வைத்திருக்கிறோம்.

2020 நவம்பர் முதல் வாரந்தோறும் ஞாயிறு மாலை என்று மாற்றினோம். பத்துப் பேர் சேராமல் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று விதி வைத்தோம். சேரும்வரை ஒவ்வொருவரும் ஒருவரை அழைக்கவேண்டும். முதல் வாரம் ஒன்பதில் நின்றது. கட்டிங் மாஸ்டர் தம் தாயாரைத் திரைமுன் உட்காரவைத்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும். அன்று பத்தாமவராக வந்தவர் இன்றுவரை நின்றதில்லை. படிப்பவர் நிறுத்தும் இடங்களில் அவர் கேட்கும் கேள்விகளுக்குத்தான் எங்களால் எளிதில் பதில் சொல்ல முடிவதில்லை.

*

2021 பிப்ரவரியில் இரு வட்டங்களும் ஒருமுறை சேர்ந்து கூடின. அவர்களுக்கு ஞாயிறு இரவு எட்டு மணி, எங்களுக்குத் திங்கள் காலை ஆறரை. கம்பெனி சங்கு ஊதும்முன் இரண்டு மணி நேரம் இருந்தது. புத்தகம் அமிதவ் கோஷின் ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’, 1992-இல் வந்தது. எங்களில் ஆங்கிலம் படிப்பவர் நால்வரே. ஆகவே முந்தைய இரு வாரங்களில் ஆசிரியை ஒருவர் நூல் முழுவதையும் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டிருந்தார்.

அதன் நாயகர்களில் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர். இன்றைய துனிசியாவிலிருந்து புறப்பட்டு, ஏடன் வழியாக, 1132 வாக்கில் மலபார்க் கரைக்கு வந்து மங்களூரில் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தவர். ஆஷு என்ற பெண்ணை அடிமை நிலையிலிருந்து விடுவித்து அவளோடு குடும்பம் நடத்தியவர். வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். ஏடனிலிருந்து அவருடைய கூட்டாளிகள் உடைந்த பழைய பாத்திரங்களைக் கப்பலில் அனுப்பி, இன்ன அளவில், இன்ன வடிவில் புதிதாக வார்த்து அனுப்பச் சொல்வார்கள். இந்தியாவில் அக்காலத்தில் காகிதம் கிடைக்காததால், நல்ல எகிப்தியக் காகிதத்தை அன்பளிப்பாக அனுப்பிவைப்பார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரியவந்தது ‘கெனீசா’ என்ற வழக்கத்தால். இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை அழிக்கக்கூடாது என்பதால் ஜெப ஆலயத்தின் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஆலயத்தில் அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து 1896-97-இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்ற துணுக்குகள் ஏறத்தாழ 1,93,000. அவற்றுள் வேதமும் உண்டு, கடைக்கணக்கும் உண்டு. அக்கணக்குகளிலிருந்து இந்துமாக்கடல் வணிகத்தின் வரலாற்றை எஸ். டி. கொய்டெய்ன் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து மீட்டெடுத்தார். நம்மிடையே பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் தீயிலிட்டதையும் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் பக்திதான், இதுவும் பக்திதான். ஆனால் ஒன்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கூட்டத்தில் அனுப்பர்பாளையத்து நண்பர் பேசியதை நாங்கள் மறக்கமுடியாது. “பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கறதுதானுங்களே எங்க தொழிலே! எடை போடறப்ப சேதாரம் எவ்வளவு கழிப்பாங்கன்னு அந்த லெட்டர்ல இருக்குதுங்களா?” என்று கேட்டார். அக்கா மொழிபெயர்த்தார். அந்தப்பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் சிரித்துவிட்டார். எடையைப் பற்றிய பேச்சு அக்கடிதங்களில் நிறைய உண்டு, தம் பாட்டனாரும் பழைய உலோக வியாபாரிதான் என்றார். அடுத்த பத்து நிமிடம் சேதாரம் பற்றியே பேச்சு போயிற்று. இலக்கிய விவாதம் என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுப் பழைய கடிதத்தை அதை எழுதியவர்களின் கண்ணோடு அன்று படித்தவர் எங்கள் பட்டறைக்காரர் ஒருவரே.

அந்த மாதக் கடைசியில் பூரிம் பண்டிகை வந்தது. அன்று எஸ்தர் ஆகமத்தைச் சபையில் வாசிப்பார்கள். நாங்களும் எங்கள் கூட்டத்தில் தமிழ் விவிலியத்தில் அதை வாசித்தோம். முதல் வசனத்திலேயே இந்தியா வருகிறது. எபிரேயத்தில் ‘ஹோது’. சற்றுத் தள்ளி அரண்மனைத் திரைச்சீலையைச் சொல்லும் இடத்தில் ‘கர்ப்பாஸ்’ என்றொரு சொல். வடமொழி ‘கார்ப்பாஸ’த்தோடு தொடர்புடையது. பொருள், பருத்தி. பருத்தியைத் தவிர வேறொன்றும் அறியாத ஊரில் இருந்துகொண்டு வேதப் புத்தகமொன்றில் பருத்தியைக் கண்டெடுத்த மகிழ்ச்சியில் அன்று நாற்பது நிமிடம் போதவில்லை. ஆமான் என்ற கொடியவனின் பெயர் வரும்போதெல்லாம் சபையோர் சத்தமெழுப்பி அதை அமுக்குவது வழக்கமாம். அவ்வாண்டு எல்லாரும் தம்தம் வீட்டில் ஒலியை அணைத்துவிட்டு வாயசைத்ததாக அப்பெண்மணி எழுதியிருந்தார்.

அதன்பின் ஆண்டுக்கொரு புத்தகம் இரு வட்டங்களும் சேர்ந்து படிப்பது என்று ஆயிற்று.

*

2023-ஆம் ஆண்டுக்கு ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தேர்ந்திருந்தோம். நவம்பரில் கூடுவதாக ஏற்பாடு. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்டார்கள். இஸ்ரேலில் அன்றுதான் சிம்ஹாத் தோரா, வாசிப்பு முடிந்து வாசிப்பு தொடங்கும் நாள். பிறகு காசாவில் தொடங்கிய போரில் இறந்தவர்களின் தொகை 2024 ஜனவரிக்குள் 20,000-ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அவர்களில் குழந்தைகள் ஏராளம்.

அக்டோபர் இறுதிக் கூட்டத்தில் ஓவர்லாக் தோழர், வழக்கமாகக் கடைசியில் பேசுபவர், முதலில் பேசினார். “கொழந்தைக தெனமும் செத்துட்டிருக்குது. இப்ப எதுக்குங்க இந்தப் புஸ்தகம்? நான் படிக்கமாட்டேன். அவங்களோட ஒக்காரவும் மாட்டேன்.” ஆசிரியை ஒருவர், “1945-ல முகாமில் செத்த பதினஞ்சு வயசுப் பிள்ளை, 2023-க்கு எப்படித் தோழர் பொறுப்பாகும்?” என்றார். தோழர், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே எல்லாம் நடக்கிறது என்றார். குரல்கள் உயர்ந்தன. திரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் குரலும் கேட்காது. நாற்பதாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. எவரும் மறுபடி இணையவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வட்டத்தைவிட்டு விலகினார்கள், ஒருவர் தோழரின் பக்கம், ஒருவர் ஆசிரியையின் பக்கம்.

அதே வாரத்தில் நியூயார்க்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் வட்டமும் உடைந்திருந்தது. சிலருக்கு வேறெதையும் படிக்க மனமில்லை, சிலர் பாலஸ்தீன எழுத்தாளர் ஒருவரையும் படிக்கவேண்டும் என்றார்களாம், சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கூட்டுக் கூட்டத்தைத் தள்ளிவைப்போம் என்று எழுதியிருந்தார். நாங்களும் சரி என்றோம். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விலகுவதாகத் தோழர் இன்னும் சொல்லவில்லை. வரவுமில்லை. எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. எங்கள் விதிப்படி புத்தகத்தைத் திறக்கக்கூடாது. மூன்று ஞாயிறுகள் திறக்கவில்லை. விதியை மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னோம். கட்டிங் மாஸ்டரின் தாயார்தான், “சண்டை போட்டவரு வராம நாம படிச்சா, அப்புறம் அவரு எப்படிச் சாமி வருவாரு?” என்று கேட்டார்.

அப்போதுதான் அப்பெண்மணி முன்பு எழுதிய இன்னொன்றை அக்கா நினைவுகூர்ந்தார். யூதக் கல்வியில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரே பக்கத்தை வாதாடிப் படிப்பார்கள், அதற்கு ‘ஹவ்ரூதா’ என்று பெயர். தல்மூதில் ஹில்லேல் மரபினரும் ஷம்மாய் மரபினரும் ஓயாமல் முரண்படுகிறார்கள். பெரும்பாலும் ஹில்லேல் மரபின் கருத்தே ஏற்கப்பட்டது. அதற்குத் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று, அவர்கள் தம் கருத்தைச் சொல்லுமுன் எதிராளியின் கருத்தை எடுத்துச் சொன்னார்கள் என்பது. தோற்ற கருத்தும் ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது.

தோழரையும் ஆசிரியையையும் இணையாக்கினோம். இரண்டு புத்தகங்கள். ஒன்று ஆன் ஃபிராங்க். மற்றது கஸ்ஸான் கனஃபானியின் ‘மென் இன் தி சன்’, 1963-இல் வந்த குறுநாவல். அக்ரே நகரில் பிறந்து, 1948-இல் குடும்பத்தோடு அகதியாகி, 1972-இல் பெய்ரூட்டில் கார்க் குண்டுக்குப் பலியானவர் அவர். ஆன் ஃபிராங்கைத் தோழர் எடுத்துச் சொல்லவேண்டும், கனஃபானியை ஆசிரியை சொல்லவேண்டும். மற்றவர் ‘ஆம், நான் கண்டதும் இதுதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. தோழர் இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். ஆசிரியை கனஃபானியைத் தொலைபேசியில் அவருக்குத் தமிழில் படித்துக்காட்டினார். தோழர் நாட்குறிப்பைத் தமிழ் மொழிபெயர்ப்பில், இரவு ஷிப்ட் முடிந்து வந்து படித்தார்.

2024 ஜனவரியில் கூடினோம். பத்துப் பேர் இருந்தார்கள்.

தோழர் ஆன் ஃபிராங்கைப் பற்றிச் சொன்னது நாங்கள் எந்த விமர்சனத்திலும் படிக்காதது. அவர் பார்த்தது வேலையிடத்தை. அந்தக் குடும்பங்கள் ஒளிந்திருந்தது ஆம்ஸ்டர்டாமில் ஒரு கம்பெனிக்குப் பின்னால். கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரியக்கூடாது. வேலை நேரம் முழுக்க மேலே காலணியோடு நடக்கக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. கீழே இருப்பவர் வீட்டுக்குப் போனபிறகே மேலே இருப்பவர் பேசமுடியும். “நாம ஷிப்ட் முடிஞ்சா மூச்சு விடறோம். அந்தப் பொண்ணு அடுத்தவன் ஷிப்ட் முடிஞ்சாத்தான் மூச்சு விடும். ரெண்டு வருசமுங்க” என்றார். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை.

ஆசிரியை கனஃபானியைச் சொன்னார். வேலை தேடிக் குவைத்துக்குப் போகும் மூன்று பாலஸ்தீனர்கள், ஆகஸ்ட் வெயிலில், காலியான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடக்கிறார்கள். சோதனைச் சாவடியில் குமாஸ்தா ஓட்டுநரோடு வேடிக்கை பேசிப் பொழுதைக் கழிக்கிறான். தொட்டியைத் திறக்கும்போது மூவரும் இறந்திருக்கிறார்கள். அவர்கள் உள்ளிருந்து சத்தமெழுப்பாதது ஏன் என்ற கேள்வியோடு கதை முடிகிறது. சொல்லி முடித்து ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு புத்தகத்தில் சத்தம் போட்டால் சாவு, இன்னொன்றில் சத்தம் போடாததால் சாவு” என்றார்.

எவரும் மறுக்கவில்லை. தோழர் மட்டும், தம் கருத்து மாறவில்லை, போர் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்றார். எழுதினோம். ஆசிரியையும் தம் பதிலை எழுதச் சொன்னார். அதையும் எழுதினோம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

*

எல்லாம் கூடிவந்தது என்று சொல்லி முடிக்க இயலாது. விலகிய இருவரும் திரும்பவில்லை. நியூயார்க் வட்டத்தோடு கூட்டுக் கூட்டம் அதன்பின் நடக்கவில்லை. ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி அக்கா அப்பெண்மணிக்கு எழுதினார். கனஃபானியைத் தாம் படித்துவிட்டதாகவும், வட்டத்தில் வைக்க இன்னும் துணிவு வரவில்லை என்றும் பதில் வந்தது. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆண்டுக்கொருமுறை, நாங்கள் படிக்கும் புத்தகத்தின் பெயரை அவருக்கு அனுப்புகிறோம், அவரும் அனுப்புகிறார்.

மாடி அறை இப்போது வேறொருவரிடம் வாடகைக்கு இருக்கிறது. திரையிலேயே தொடர்கிறோம். விதி மாறவில்லை. ஞாயிறு மாலை ஒன்பது பேர் சேர்ந்தபின் யாராவது ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், “அவரைக் கூப்பிட்டீங்களா?” என்று. விலகியவர்களின் எண்களையும் அழைத்துப் பார்ப்பதுண்டு. எடுக்கமாட்டார்கள். அடுத்த எண்ணுக்குப் போவோம். பத்தாமவர் வந்ததும் புத்தகத்தைத் திறப்போம்.